கொருக்குப்பேட்டை கேட்டில் படித்த ஜாங்கோ

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைப் போட்டுவிட்டால் எப்போது தூக்குவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. சில நாள் ஒரு கூட்ஸ் கடந்ததும் வழி விட்டுவிடுவார்கள். சில நாள் அது போன கையோடு எதிர்ப்பக்கம் இன்னொன்று ஊர்ந்து வரும், வந்தது பாதியில் நின்றும்விடும். அப்பா மீன்பாடி வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். நான் பின்னால் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து போனை எடுப்பேன். முந்தின ராத்திரி இறக்கி வைத்த வீடியோ அதில் இருக்கும். ஜாங்கோ என்பது பைத்தான் என்ற கணினி மொழியில் இணையப் பக்கங்கள் கட்ட உதவும் ஒரு கருவித்தொகுப்பு. அந்தப் பாடத்தில் பாதிக்கு மேல் நான் பார்த்தது அந்த கேட்டில்தான்.

எங்களுக்குத் தண்டையார்பேட்டையில் தண்ணீர் கேன் வியாபாரம். இருபது லிட்டர் கேன். அப்பா கொண்டுபோய்ப் போடுவார். அம்மா கணக்கு எழுதுவாள். நான் பி.காம் முடித்து ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். கொரோனாவில் அந்த ஆபீஸை மூடிவிட்டார்கள். அதிலிருந்து வீட்டு வியாபாரத்துக்குப் போன் எடுப்பதும், ஆள் வராத நாளில் அப்பாவோடு வண்டியில் போவதும் என் வேலை.

கேன் கணக்கு வெளியிலிருந்து பார்க்க எளிதாகத் தெரியும். முப்பத்தைந்து ரூபாய் வாங்கினோம், கேன் போட்டோம், முடிந்தது என்று. பணம் இதில் பாதிதான். மீதிப் பாதி காலி கேன். நிறை கேன் ஒன்று உள்ளே போனால் காலி ஒன்று வெளியே வர வேண்டும். வீட்டில் விசேஷம் என்று நான்கு போட்டால் நான்கும் திரும்ப ஒரு மாதம் ஆகும். வாடகைக்கு இருப்பவர்கள் திடீரென்று காலி செய்வார்கள், கேனும் அவர்களோடு லாரியில் ஏறிவிடும். ஒரு கேனுக்கு நூற்றைம்பது ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருப்போம், பழைய ஆட்களிடம் அதுவும் இருக்காது. யார் வீட்டில் எங்கள் கேன் எத்தனை இருக்கிறது என்பதில்தான் இந்த வியாபாரம் நிற்கிறது.

அம்மாவின் நோட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம். நிறை கேன் போட்டால் நெட்டுக்கோடு. காலி வந்தால் கோட்டின் காலடியில் ஒரு வட்டம். காசு வந்தால் கோட்டின் தலையில் ஒரு புள்ளி. வட்டம் இல்லாத கோடுகளை எண்ணினால் அந்த வீட்டில் நிற்கும் கேன். புள்ளி இல்லாத கோடுகளை எண்ணினால் பாக்கி. எட்டாவதுவரை படித்த அம்மா இதை யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை, தானே உண்டாக்கியது.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் மழை. எங்கள் தெருவில் முட்டிக்கு மேல் தண்ணீர், மூன்று நாள் கரண்ட் இல்லை. நோட்டு பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது. தண்ணீர் வடிந்ததும் அம்மா அதைப் பிரித்துப் பிரித்துக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தாள். பால்பாயின்ட் பேனாவில் எழுதிய பக்கங்கள் பிழைத்தன. ஜெல் பேனாவில் எழுதியவை நீலமாகக் கரைந்து, கோடும் வட்டமும் ஒன்றாகிப் போயின. அந்த ரெண்டு வாரமும் அம்மா வீடு வீடாகப் போய், “எங்க கேன் உங்ககிட்ட எத்தினி கீதுன்னு நீங்களே சொல்லுங்க” என்று கேட்டாள். பெரும்பாலும் எல்லோரும் உண்மையைத்தான் சொன்னார்கள். ஆனாலும் இருபத்து மூன்று கேன் கணக்கில் வரவில்லை. அப்போதுதான் இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என்று முடிவு செய்தேன்.

எக்செல் போதாதா என்று கேட்பீர்கள். முயன்று பார்த்தேன். போனில் அந்தச் சின்னக் கட்டங்களை வண்டியில் உட்கார்ந்து தட்ட முடியவில்லை. கடைக்காரர்கள் கடன் கணக்கு எழுதும் ஆப்களையும் பார்த்தேன். அவற்றில் ரூபாய் இருக்கிறது, காலி கேன் இல்லை. தம்பியின் நண்பன் ஒருவன்தான் பைத்தானும் ஜாங்கோவும் படி என்றான். “மாடல் மட்டும் எழுதிடுக்கா, உள்ள எழுதுற பக்கத்த அதுவே குடுத்துடும்” என்றான். மாடல் என்றால் என்னென்ன விவரம் வைக்கப் போகிறோம் என்று எழுதும் வரைவு. உள்ளே எழுதும் பக்கம் என்று அவன் சொன்னது அட்மின் பக்கத்தை என்பது பிறகு புரிந்தது.

கம்ப்யூட்டர் என்று என்னிடம் இருந்தது 2012-ல் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த லேப்டாப். பேட்டரி செத்துவிட்டது, ஒயர் செருகினால் ஓடும். அதிலிருந்த பழைய விண்டோஸில் புதிய பைத்தான் ஏறவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லுபுண்டு 22.04 என்ற இலவச லினக்ஸைப் போட்டுக்கொண்டேன். அதில் பைத்தான் 3.10 கூடவே வருகிறது.

ஜாங்கோ எங்கிருந்து வந்தது என்று ஒரு ராத்திரி தேடிப் படித்தேன். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊர். அங்குள்ள லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் பத்திரிகை அலுவலகத்தில் 2003-ல் ஏட்ரியன் ஹொலோவட்டியும் சைமன் வில்லிசனும் தங்கள் வேலைக்காக எழுதத் தொடங்கியது. 2005 ஜூலையில் எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டார்கள். பெயர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிடார் கலைஞருடையது. 1928-ல் தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கியும் மிச்ச விரல்களால் வாசித்தவர். ஆங்கிலத்தில் முதலில் ஒரு டி இருக்கிறது, அதை உச்சரிக்கக்கூடாது. நான் இரண்டு வாரம் டிஜாங்கோ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்திரிகை ஆபீஸில் பிறந்தது என்பது எனக்குப் பிடித்திருந்தது. சாயங்காலத்துக்குள் ஆக வேண்டிய வேலை என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் செய்தது.

ஜாங்கோ 5.0 வெளிவந்த நாள் 2023 டிசம்பர் 4. எங்கள் நோட்டு தண்ணீரில் கிடந்த அதே நாள். அந்தத் தேதியைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

யூடியூபில் நான் தேர்ந்தெடுத்தது நாற்பது பாகம் கொண்ட ஒரு தொடர். ஆங்கிலம்தான், ஆனால் நிதானமாகப் பேசுகிறார். பன்னிரண்டாவதுவரை தமிழ் மீடியம் படித்தவள் நான். வேகத்தை 0.75-க்குக் குறைத்து, சப்டைட்டிலும் போட்டுக்கொண்டால் எல்லாம் காதில் விழுந்தது. நிறையப் பேர் பார்த்திருந்தார்கள், நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். ஏற்றிய வருஷம் 2016 என்பதை நான் பார்க்கவில்லை. யாராவது படிக்கத் தொடங்குவதாக இருந்தால் முதலில் அந்த வருஷத்தைப் பாருங்கள், பிறகு முதல் வீடியோவில் எந்த வெர்ஷன் போடுகிறார் என்று பாருங்கள். எனக்கு அது முதல் நாளே காட்டியும் புரியவில்லை. ஜாங்கோவை ஓட்டிப் பார்க்கும் ரன்சர்வர் கட்டளையைக் கொடுத்து பிரவுசரைத் திறந்தால் அவர் திரையில் ‘இட் வொர்க்டு’ என்று ஒரு சாதாரணப் பக்கம் வந்தது. என் திரையில் பச்சை ராக்கெட் ஒன்று மேலே கிளம்பியது. என்னுடையது இன்னும் அழகாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். ராக்கெட் வந்தது 2.0-விலிருந்து. அவர் ஓட்டியது 1 வரிசை, நான் ஓட்டியது 5.0.

மூன்றாவது வீடியோவிலேயே யுஆர்எல், அதாவது பக்கத்தின் முகவரி, எழுதும் இடத்தில் இடறியது. அவர் தொப்பிக் குறியும் டாலர் குறியும் போட்டு ஒரு பூட்டு மாதிரி எழுதுகிறார். அதற்கு அவர் கூப்பிடும் ‘யுஆர்எல்’ என்ற பங்ஷனே என்னிடம் இல்லை, 4.0-வில் எடுத்துவிட்டார்கள். இப்போது ‘பாத்’ என்று எளிதாக எழுதலாம். பழைய ஜாங்கோவையே போட்டுக்கொள் என்று கமென்ட்டில் ஒருவர் சொல்லியிருந்தார். 1.11 பைத்தான் 3.7 வரைக்கும்தான், என் 3.10-ல் ஓடாது. அதோடு 2020 ஏப்ரலுக்குப் பிறகு அதற்குப் பாதுகாப்புத் திருத்தமும் வருவதில்லை. ஊர்க்காரர்களின் போன் நம்பரைப் போட்டு வைக்கிற இடத்தில் அப்படி ஒன்றை ஓட்டக்கூடாது என்று விட்டுவிட்டேன். ஜாங்கோவின் சொந்த ஆவணப் பக்கத்தில் வெர்ஷன் மாற்றிப் பார்க்க வழி இருக்கிறது. வீடியோ பேசுவதை அங்கே 5.0-வில் தேடிப் பிடித்து எழுத ஆரம்பித்தேன். அதனால் பன்னிரண்டு நிமிட வீடியோ மூன்று ராத்திரி போனது. அந்த மூன்று ராத்திரியும் வீண் இல்லை.

ஒரு விஷயம் வீடியோக்காரர்கள் எல்லோரிடமும் சொல்ல ஆசைப்படுகிறேன். தப்பு வருகிற இடத்தை வெட்டிவிடாதீர்கள். இந்தத் தொடரில் ஒரு பாகத்தில் அவருக்கே ஒரு எரர் வந்துவிட்டது. வெட்டாமல் விட்டிருந்தார். சிவப்பு எழுத்துகளைக் கீழிருந்து மேலே படிக்கிறார். கடைசி வரியை முதலில் பார்க்கிறார். பிறகு அதில் தன் ஃபைல் பெயர் எங்கே வருகிறது என்று தேடுகிறார். பத்து நிமிடம் கழித்துக் கண்டுபிடித்தார், ஒரு கமா. அந்தப் பத்து நிமிடத்தை நான் நான்கு முறை பார்த்தேன். எரர் வந்தால் எந்த வரியிலிருந்து படிக்க வேண்டும் என்று எனக்கு யாரும் அதற்கு முன்னால் சொன்னதில்லை.

டேட்டா மிச்சம் பிடிக்க வீடியோவை 360 என்ற குறைந்த தெளிவில் இறக்கிப் பார்த்ததில் ஒரு ராத்திரி முழுக்கப் போனது. அட்மின் பக்கத்தில் வீடுகளை ஏற்றினால் எல்லாம் ‘கஸ்டமர் ஆப்ஜெக்ட் (1)’, ‘கஸ்டமர் ஆப்ஜெக்ட் (2)’ என்றே வரிசையாக வந்தது. பெயர் வரவைக்க எஸ்டிஆர் என்று ஒரு பங்ஷன் எழுத வேண்டும். வீடியோவில் இருந்தபடியே எழுதியிருந்தேன். எரரும் இல்லை, பெயரும் இல்லை. கடைசியில் அவர் திரையைப் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். எஸ்டிஆருக்கு முன்னால் இருந்தது இரண்டு அடிக்கோடு, பின்னாலும் இரண்டு. மங்கலான படத்தில் ஒட்டிக்கொண்டு ஒரே நீளக் கோடாகத் தெரிந்திருக்கிறது. நான் ஒன்று போட்டிருந்தேன். இரண்டாக்கியதும் ‘பச்சை கேட்’, ‘டீச்சர் மாடி’, ‘பிள்ளையார் கோயில் ஆயா’ என்று அம்மாவின் வாடிக்கைகள் திரையில் வந்து நின்றார்கள். அம்மாவை எழுப்பிக் காட்டினேன். மணி பன்னிரண்டரை.

அந்தப் பெயர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடியோவில் கஸ்டமர் என்றால் முதல் பெயர், கடைசிப் பெயர், ஈமெயில். நானும் அப்படியே எழுதிவிட்டு ஏற்ற உட்கார்ந்தேன். ஒரு வீட்டுக்குக்கூட நிரப்ப முடியவில்லை. கடைசிப் பெயர் எங்கள் ஆட்களுக்குக் கிடையாது. முன்னால் ஒரு எழுத்து இனிஷியல் இருக்கும், அதையும் கேன் போடுகிறவன் கேட்கமாட்டான். ஈமெயில் யாரிடமும் கேட்டதில்லை. அம்மா நோட்டின் தலைப்பில் இருப்பது வேறு. பச்சை கேட் என்றால் கேட்டுக்குப் பச்சை பெயின்ட். இப்போது அதற்குப் பிரவுன் அடித்துவிட்டார்கள், ஆனாலும் பச்சை கேட்தான். பிறகு எத்தனாவது மாடி. மாடி ஏற ஐந்து ரூபாய் கூடுதல், அதனால் அது எழுதியே ஆக வேண்டும். பிறகு யார் கதவைத் திறப்பார்கள், எத்தனை மணிக்கு. டீச்சர் வீட்டில் ஏழுக்கு மேல் ஆள் இருக்காது, பக்கத்து வீட்டு வாசலில் காலி இருக்கும்.

மாடலில் பெயர் என்ற இடத்தை அழித்து ‘அடையாளம்’ என்று வைத்தேன். மாடி, கதவு திறப்பவர், நேரம், அட்வான்ஸ். பதினைந்து நாளில் நான் முதல்முதலாக வீடியோவை நிறுத்தாமல், அதைப் பார்க்காமல் எழுதிய இருபது வரி அது. தமிழிலேயே தலைப்பு கொடுக்கலாம் என்று தெரிந்து கொடுத்தபோது, அட்மினில் ‘வாடிக்கையாளர்’ என்பதன் பின்னால் ஓர் ஆங்கில எஸ் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆங்கிலப் பன்மை அப்படித்தான் என்று ஜாங்கோ நினைத்துக்கொள்கிறது. பன்மைப் பெயரைத் தனியாகச் சொன்னால் எடுத்துக்கொள்கிறது. மொழியைத் தமிழ் என்று அமைத்தால் அட்மின் பட்டன்களும் தமிழில் வரும், எல்லாம் இல்லை, சில இடங்கள் இன்னும் ஆங்கிலத்தில் நிற்கின்றன. அதை மொழிபெயர்க்க யாரும் கைகொடுக்கலாம். எனக்கும் ஆசை இருக்கிறது.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஒன்பதாவது வீடியோவில் ஃபாரின்கீ. எனக்கு இது நோட்டால் உடனே புரிந்தது. ஒரு நெட்டுக்கோட்டைத் தனியாக எடுத்தால் அது யாருக்குப் போட்ட கேன் என்று தெரியாது. அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். டெலிவரி ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு வாடிக்கையின் பக்கத்தில் இருக்க வேண்டும், அதைச் சொல்வது ஃபாரின்கீ. அவர் எழுதியபடி எழுதினேன். ஒரு டைப்எரர் வந்தது. இப்போது எனக்குக் கீழிருந்து படிக்கத் தெரியும். கடைசி வரி: ‘மிஸ்ஸிங் 1 ரிகொயர்டு பொசிஷனல் ஆர்குமென்ட்: ஆன்_டிலீட்’. அழிக்கும்போது என்ன செய்வது என்று சொல் என்கிறது.

கமென்ட்டில் தேடினால் இருபது பேர் இதையே கேட்டிருந்தார்கள், இருபது பேருக்கும் ஒரே பதில். ‘கேஸ்கேட்’ என்று போடு, போய்விடும். போட்டேன். எரர் போய்விட்டது. வீடியோக்காரர்மேல் தப்பு இல்லை. அவர் காலத்தில் எதுவும் சொல்லாவிட்டால் ஜாங்கோ தானாகவே கேஸ்கேட் என்று எடுத்துக்கொள்ளும். 2017 டிசம்பரில் வந்த 2.0-விலிருந்துதான் நீயே சொல்லு என்று கேட்கிறது. கேட்கிறதே, எதற்குக் கேட்கிறது என்று நான் அன்றைக்கு யோசிக்கவில்லை.

ஜனவரி முதல் மார்ச் வரை நோட்டில் இருந்ததை ராத்திரி ராத்திரியாக ஏற்றினேன். மார்ச் கடைசியில் டீச்சர் மாடி காலி செய்து மாதவரம் பக்கம் போய்விட்டார்கள். இல்லாத ஆளை எதற்கு வைத்திருப்பது என்று நினைத்தேன். கட்டளை அடித்து வேலை வாங்கும் ஷெல்லில் அழிக்கிற பாடம் அந்த வாரம்தான் பார்த்திருந்தேன். ஒரு வரி எழுதி என்டர் தட்டினேன். ஷெல் பதிலுக்கு ஒரு எண் காட்டியது: 31. நான் அழித்தது ஒரு வாடிக்கை. முப்பத்தொன்று எப்படி என்று பார்த்தேன். வாடிக்கை 1, டெலிவரி 30. அந்த வீட்டுக்குப் போட்ட முப்பது நாளும் போய்விட்டது. மார்ச் மாதக் கூட்டுத்தொகை குறைந்தது. அவர்களிடம் நின்றுபோன இரண்டு கேனும் கணக்கிலிருந்து மறைந்துவிட்டது. எங்கள் கேன் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவும் தொடங்கினேன்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. ஏன் அழித்தாய் என்று கேட்டாள். வீடு காலி பண்ணிட்டாங்களே என்றேன். நோட்டை எடுத்துப் பழைய பக்கம் ஒன்றைக் காட்டினாள். மூலையிலிருந்து மூலைக்குப் பக்கம் முழுக்க ஒரு குறுக்குக்கோடு, மேலே ‘போயாச்சு’ என்று தேதியோடு எழுதியிருந்தது. கீழே எல்லாக் கோடும் வட்டமும் அப்படியே இருந்தன.

“பக்கத்த கிய்க்கக் கூடாதுடி. கிய்ச்சா பின்னாடி இருக்கிறது இன்னொரு வூட்டு கணக்கு, அதுவும் பூடும்ல? அதும் இல்லாம ஆறு மாசம் கயிச்சி இதே தெருவுக்குத் திரும்ப வருவாங்க. அப்ப ரெண்டு கேன் கீதுன்னு எத்த வச்சி கேப்பே?”

ஜாங்கோ என்னைக் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். இந்தப் பக்கத்தைக் கிழித்தால் அதிலுள்ள கோடுகளை என்ன செய்வது? பதில் எங்கள் வீட்டு நோட்டில் பதினெட்டு வருஷமாக இருந்திருக்கிறது. நான் அதைக் கமென்ட்டில் தேடிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குத்தான் ஆன்_டிலீட்டுக்கு என்னென்ன பதில் இருக்கிறது என்று ஆவணத்தில் உட்கார்ந்து படித்தேன். கேஸ்கேட் என்றால் சேர்ந்து போகட்டும். செட்_நல் என்றால் கோடு இருக்கட்டும், யாருடையது என்பது மட்டும் போகட்டும். ப்ரொடெக்ட் என்றால் கோடுகள் இருக்கும்வரை பக்கத்தை அழிக்க விடாதே. எங்களுக்கு வேண்டியது ப்ரொடெக்ட். ‘போயாச்சு’ என்பதற்குத் தனியாக ஒரு கட்டம், ஆம் அல்லது இல்லை, பக்கத்தில் தேதி. எழுதி முடித்து, சோதனைக்காக வேறொரு வீட்டை அட்மினில் அழிக்கப் பார்த்தேன். முடியாது என்று சொல்லி, தடுப்பது எவை என்று அந்த வீட்டின் டெலிவரிகளை ஒவ்வொன்றாக வரிசை போட்டுக் காட்டியது. டீச்சர் மாடியின் முப்பது நாளை நோட்டைப் பார்த்து மறுபடி ஏற்றினேன். நோட்டை அம்மா விடாமல் எழுதிக்கொண்டிருந்ததால்தான் அது முடிந்தது.

இன்னொன்றையும் கண்டுபிடித்தது அம்மாதான். ராத்திரி நோட்டையும் திரையையும் ஒத்துப் பார்ப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. ஒரு நாள், “இன்னாடி இது, நேத்து பச்சை கேட்டுக்கு நாம போடவே இல்லியே” என்றாள். திரையில் நேற்றுத் தேதியில் ஒரு டெலிவரி நின்றது. அன்று காலை ஐந்து மணிக்குப் போட்டது அது. நாங்கள் நாலரைக்கே வண்டி எடுத்துவிடுவோம். ஆறு மணிக்குப் போட்டது சரியாக இருந்தது, ஐந்தரைக்கு முன்னால் போட்டவை மட்டும் முதல் நாளுக்குப் போயிருந்தன. ஐந்தரை என்ற எண்ணைப் பார்த்ததும் பிடிபட்டது. செட்டிங்ஸில் நேரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம், என்று இருந்தது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். நமக்கு விடிகாலை ஐந்து என்றால் அங்கே முந்தின நாள் ராத்திரி பதினொன்றரை. ‘ஏசியா/கொல்கத்தா’ என்று மாற்றினேன். வீடியோவில் அந்த வரியை அவர் தொடவே இல்லை. பகலில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிறவருக்கு அது தட்டுப்பட வாய்ப்பில்லை.

நான் பார்க்கும் விதத்தையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். கேட்டில் முதல் தடவை சும்மா பார்ப்பேன், கை எதையும் செய்யாது. ராத்திரி இரண்டாவது தடவை, ஒரு நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டே. பிறகு வீடியோவை மூடிவிட்டு அவருடைய உதாரணத்தை எடுத்துவிட்டு எங்கள் கேனை வைத்து எழுதுவேன். அவர் பிளாக் போஸ்ட் என்றால் நான் டெலிவரி. அவர் கமென்ட் என்றால் நான் காசு வரவு. அவர் எழுதியதை எழுத்துக்கு எழுத்து அடித்தபோதெல்லாம் ஓடியது, ஆனால் அடுத்த நாள் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. கேனை வைத்து எழுதியபோதெல்லாம் முதலில் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று தேடியது மறக்கவே இல்லை.

தமிழிலும் இப்போது நல்ல வீடியோக்கள் வருகின்றன, கடைசிப் பத்து பாகத்தை நான் அப்படி ஒன்றில்தான் முடித்தேன். லாக்அவுட் மட்டும் அங்கேயும் இடறியது. வெறும் லிங்க் கொடுத்து வெளியே போக 5.0 விடுவதில்லை, ஃபார்ம் வைத்து அனுப்ப வேண்டும். அதற்குள் இதெல்லாம் எனக்குப் பயம் தருவதாக இல்லை.

இப்போது லேப்டாப் அம்மாவின் தையல் மெஷின் மேல் இருக்கிறது. வீட்டு வைஃபைக்குள் மட்டும் ஓடுகிறது. ரன்சர்வரை ஊருக்குத் திறந்துவிடக் கூடாது என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். டெலிவரி முடித்து எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் போனில் ஏற்றிவிடுவேன். தினமும் படுக்கும் முன் டேட்டாபேஸ் ஃபைலைப் பென்டிரைவில் எடுத்து, பரண்மேல் எண்ணெய் டின்னுக்குள் போட்டு வைக்கிறேன், தண்ணீர் ஏறாத உயரம். அம்மா நோட்டையும் விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை. பேனா மட்டும் பால்பாயின்ட்.

போன வாரம் அம்மா நோட்டில் ஒரு முக்கோணம் போட்டாள். இது என்ன என்றேன். காலி கேன் என்று வாங்கி வருவதில் சிலது நம்முடையதே இல்லை, வேறு கம்பெனி கேன். எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆனால் நம் கேன் அங்கேயே நிற்கும். இனிமேல் அதற்கு வட்டம் இல்லை, முக்கோணம். “உன்னுதுலயும் இத்த போட்டுக்கோ” என்றாள்.

மாடலில் ‘மாற்றுக் கேன்’ என்று ஓர் எண் கட்டம் சேர்த்து, அந்த மாற்றத்தை டேட்டாபேஸுக்குக் கொண்டுபோகத் தயார் செய்யும் மேக்மைக்ரேஷன்ஸ் கட்டளையைக் கொடுத்தேன். உடனே செய்யவில்லை. ஏற்கெனவே இரண்டாயிரத்துக்கு மேல் வரிகள் இருக்கின்றன, அவற்றில் இந்தக் கட்டத்தில் என்ன போடுவது என்று கேட்டது. ஒன்று, இப்போதே ஒரு மதிப்பைச் சொல். இரண்டு, வெளியேறி மாடலில் நீயே எழுது. பூஜ்யம் என்று அடிக்கப் போனேன், அடித்தால் வேலை முடிந்துவிடும். கையை எடுத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.

“பய நாளுக்கெல்லாம் மாத்துக் கேன் எத்தினின்னு கேக்குதும்மா. சைபர்னு போட்டுடவா?”

அம்மா கைத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே திரையைப் பார்த்தாள்.

“சைபர்னு போட்டா வரலன்னு ஆயிடும். வந்திருக்கும், நாம அன்னிக்கு பாக்கல. பாக்கலன்னு போடு.”

இரண்டை அழுத்தி வெளியே வந்தேன். மாடலைத் திறந்து அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் ‘நல் = ட்ரூ’ என்று சேர்த்தேன், வெறுமையாக இருக்கலாம் என்று அர்த்தம். மறுபடி மேக்மைக்ரேஷன்ஸ், மைக்ரேட். இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. பழைய வரிகளில் அந்த இடம் காலியாக நின்றது, அம்மாவின் பழைய பக்கங்களில் நிற்பதைப் போலவே.